சொட்டு மருந்துக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே

மூடிய கண்ணுக்குள் இருட்டு இல்லை, அதை இன்றைக்குத்தான் கவனிக்கிறேன். புதுவெள்ளம் வந்த ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஒரு செம்பழுப்பு, அதற்குள் ஏதோ நூல் நூலாக நெளிகிறது. முதல் சொட்டு விழுந்தபோது எரிந்தது, இப்போது எரிச்சல் அடங்கி மூக்கு வழியாக இறங்கித் தொண்டையில் கசக்கிறது. கூப்பிடும்வரை திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து திரும்பவும் விடுவாராம், கண்பாப்பா நன்றாக விரிந்த பிறகுதான் படம் எடுக்கிற அறைக்குள் அனுப்புவார்களாம். இரண்டு பக்கமும் ஆட்கள் இதேபோலக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள், மூச்சுச் சத்தத்தில் தெரிகிறது, ஒருவர் குறட்டையே விடுகிறார். பவுன்ராஜ் என் காதுப் பக்கம் குனிந்து, மொத்த வண்டியும் தூங்குதுண்ணே, டிக்கெட் போட ஒரு ஆள் முழிச்சு இல்லை என்றான். சிரித்தேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தால் சிரிப்பு முகத்தில் எங்கே போய் உட்காருகிறது என்று தெரிவதில்லை. பவுன்ராஜ் என் கண்டக்டர். கம்பத்திலிருந்து தேனிக்கு ஒன்பது வருஷமாக ஒரே வண்டி, நான் ஸ்டீயரிங், அவன் விசில். இன்றைக்கு எனக்குத் துணையாக லீவு போட்டுவிட்டு மதுரைக்கு வந்திருக்கிறான். மாரீஸ்வரி வருகிறேன் என்றுதான் சொன்னாள், நான்தான் வேண்டாம் என்றேன். பெண்டாட்டி வந்தால் கேட்கிற கேள்விக்கெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவாள். பவுன்ராஜுக்கு ஒன்றும் தெரியாது, தெரியாதவன் பொய் சொல்ல வேண்டியதில்லை, அதனால்தான் அவனைக் கூட்டிவந்தேன். தெரியாது என்றுதான் அரை மணி நேரத்துக்கு முன்புவரை நினைத்திருந்தேன்.

பாரம் எழுதுகிற மேஜையில் நடந்தது அது. எனக்கு எழுத்து வேகமில்லை, பவுன்ராஜ் பேனாவை வாங்கிக்கொண்டான். மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் ஒவ்வொன்றாகக் கேட்டார். பேர் சுருளிவேல், வயது நாற்பத்தாறு. சர்க்கரை எத்தனை வருஷமாக? பவுன்ராஜ் என் பக்கம் திரும்பி, ஆறாண்ணே ஏழாண்ணே என்றான். ஆறு என்றேன். பிரஷர்? திரும்பினான். ஆஸ்துமா, ஊசி மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? திரும்பினான். வலிப்பு? திரும்பவில்லை. அதெல்லாம் ஒண்ணும் கிடையாது மேடம் என்று அவனே சொல்லி, அவனே எழுதி, அடுத்த வரிக்குப் போய்விட்டான். மேஜைப் பெண்ணும் அடுத்ததைக் கேட்டுவிட்டார், பின்னால் வரிசை நின்றது, ஒரு அம்மா என் முதுகை இடித்துக்கொண்டு நின்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை, இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நான் இன்னும் அங்கேதான் நிற்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஏன் திரும்பவில்லை? அவசரமா? பவுன்ராஜ் அவசரப்படுகிற ஆள் இல்லை. சில்லறை இல்லாத கிழவிக்கு உத்தமபாளையம் வரைக்கும் யோசித்து யோசித்துச் சில்லறை தேடுகிறவன். அவன் முந்திக்கொண்டு பேசுவது ஒரே சமயத்தில்தான். செக்கிங் ஏறும்போது, பாஸை வீட்டில் மறந்துவிட்டு வந்த பள்ளிக்கூடப் பிள்ளையைத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டு, அதெல்லாம் ஒண்ணும் கிடையாது சார் என்பான். அதே குரல். அதே வேகம். இல்லை, சும்மா சொல்லியிருப்பான். வலிப்பு என்று கேட்டால் யாராக இருந்தாலும் கிடையாது என்றுதானே சொல்லுவார்கள். அப்படியானால் ஆஸ்துமாவுக்கும் சொல்லியிருக்கலாமே. ஆஸ்துமாவுக்குத் திரும்பினானே.

அது என்றுதான் நானும் மாரீஸ்வரியும் சொல்வோம், பேர் சொல்வதில்லை. முதல் தடவை அது வந்தது எங்கள் தெருக் கோயில் பொங்கலுக்கு ஆடல் பாடல் வைத்தபோது. மேடையில் புதுசாக ஒரு விளக்கு கொண்டுவந்திருந்தார்கள். வெள்ளை வெளிச்சம், விட்டு விட்டு அடிக்கிறது. ஆடுகிறவளுடைய கை ஒரு இடத்தில் இருக்கிறது, அடுத்த வெளிச்சத்தில் வேறு இடத்தில் இருக்கிறது, நடுவில் நகர்ந்ததையே காணோம். நன்றாயிருக்கிறதே என்று பார்த்தேன், அவ்வளவுதான் ஞாபகம். அடுத்த ஞாபகம் மண்ணில் கிடக்கிறேன், நாக்கு கடிபட்டு உப்புக் கரிக்கிறது, வேட்டி நனைந்திருக்கிறது, சுற்றிலும் கால்கள். டிரைவர் நல்லா ஏத்திட்டாரு போல என்று யாரோ சொன்னார்கள், சிரித்தார்கள். ஜென்மத்தில் ஒரு சொட்டு குடித்தவனில்லை நான். அந்த மண்ணில் கிடந்தபடியே ஆமாம் என்று தலையாட்டினேன். குடித்தவனுக்கு மறுநாள் தெளிந்துவிடும், மறுநாள் வண்டி எடுக்கலாம். இதற்கு மறுநாள் என்று ஒன்று கிடையாது. பவுன்ராஜ்தான் என் கையைத் தன் தோளில் போட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டான், வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. ஏன் பேசவில்லை? பேசாமல் வருகிறவனா அவன்? இரண்டாம் தடவை வீட்டில், அடுப்படி ட்யூப்லைட்டின் ஸ்டார்ட்டர் போய், படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, மாற்றலாம் என்று அண்ணாந்து நின்றேன். மாரீஸ்வரி பீரோச் சாவிக்கொத்தைக் கையில் திணித்திருக்கிறாள், முழித்தபோது சாவியின் பல் உள்ளங்கையில் பதிந்திருந்தது. அதற்குப் பிறகு திண்டுக்கல்லுக்குப் போனோம், தேனியில் காட்டினால் தெரிந்தவர்கள் யாராவது பார்ப்பார்கள். தலை முழுக்க ஒயர் ஒட்டி, கண்ணுக்கு நேரே ஒரு விளக்கை விட்டு விட்டு அடித்துப் பார்த்தார்கள். சில பேருக்கு வெளிச்சம் துடிதுடித்து வந்தால் மூளை தாங்காது, மேடை விளக்கு, கெட்டுப்போன ட்யூப், மரத்துக்கு நடுவே வருகிற வெயில் எல்லாம் அப்படித்தான் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மாத்திரையை ஒரு வேளையும் விடாதீர்கள், தூக்கம் கெடக்கூடாது, கிணற்றில் தனியாக இறங்கக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது. மாரீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். மாத்திரையை ஒரு வேளையும் விடவில்லை, சர்க்கரை மாத்திரை டப்பாவிலேயே போட்டு வைத்துக்கொண்டேன். ஏழு மாசமாக அது வரவில்லை. வரவில்லை என்றால் போய்விட்டது என்றுதானே அர்த்தம். காய்ச்சல் வரவில்லை என்றால் காய்ச்சல் இல்லை என்றுதானே சொல்லுகிறோம்.

நர்ஸ் வந்து இரண்டாம் சொட்டு விட்டுப் போகிறார். கண்ணைத் திறந்த அந்த ஒரு விநாடியில் ஹால் முழுக்கப் பால் ஊற்றினதுபோல இருந்தது, எதிர்ச் சுவரில் எழுதியிருந்தது எதுவும் எழுத்தாகவே இல்லை. வலதுபக்கத்தில் இருக்கிறவர் மேலூர்க்காரராம், மூன்றாவது தடவையாக வருகிறாராம், கேட்காமலே சொல்லிக்கொண்டிருக்கிறார். கையில் ஊசியைக் குத்தி சாயம் ஏற்றுவார்கள், மறுநாள் வரைக்கும் மூத்திரம் மஞ்சமஞ்சேரென்று போகும், வீட்டில் பயப்படாமல் இருக்கச் சொல்லிவிடுங்கள் என்கிறார். பவுன்ராஜ் அதற்கு, எங்க அண்ணனுக்கு எதைப் பாத்தும் பயம் கிடையாதுங்க, மலைப் பாதையில யானையவே ஹாரன் அடிச்சு ஒதுங்கச் சொன்னவரு என்று அளந்துவிட்டான். மேலூர்க்காரர் மெதுவாகச் சிரித்துவிட்டு, ஊசி ஒண்ணும் பண்ணாதுங்க, அந்த வெளிச்சம்தான் என்றார். சாயம் ஓடுகிற நேரத்தில் நரம்பு நரம்பாகப் படம் பிடிக்க வேண்டுமாம், அதனால் முதலில் ஒன்று மாற்றி ஒன்று நிற்காமல் அடிப்பார்களாம், முப்பதோ நாற்பதோ. கண்ணைச் சிமிட்டவும் விடமாட்டாங்க, தாடையை ஒரு கிண்ணத்துல வெச்சு நெத்தியை ஒரு பட்டையில ஒட்ட வெச்சிருவாங்க. இடது புறங்கையில் ஏற்கெனவே ஊசியைப் போட்டுப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள், அந்த இடம் துடிக்கிறது. அறைக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு சத்தம், டொக், டொக், டொக், கதவு மூடினால் நின்றுவிடுகிறது, நிற்கவில்லை, எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். தாடை கிண்ணத்தில் இருக்கும்போது வந்தால் பல்லெல்லாம் இரும்பில் மோதும். கையில் ஊசி இருக்கும். இன்றைக்குக் காலை மாத்திரை போடவில்லை. அதை நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் வேறெதையோ நினைத்துக்கொண்டிருக்கிறேன். வெறும் வயிற்றோடு வரவும் என்று சீட்டில் போட்டிருந்தது. வெறும் வயிறு என்றால் மாத்திரையும் கூடாதா, மாத்திரை மட்டும் போடலாமா? கேட்டால் எந்த மாத்திரை என்று கேட்பார்கள். எந்த மாத்திரை என்று சொன்னால் எதற்கு என்று தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை, போடவில்லை. விடியுமுன்னே பஸ் ஏறியதில் தூக்கமும் இல்லை. எது எது கூடாது என்று திண்டுக்கல் டாக்டர் சொன்னாரோ அது அத்தனையையும் வரிசையாகச் செய்துவிட்டு, இனி வெளிச்சம் ஒன்றுதான் பாக்கி என்று வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எழுந்து போய்விடலாம். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் போகலாம். போனால் படம் கிடையாது. படம் இல்லாமல் சர்க்கரையில் கெட்டுப்போன கண் நரம்பு எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது, தெரியாமல் லேசர் வைக்க மாட்டார்கள், இப்படியே விட்டால் ஒரு வருஷத்தில் வலது கண் போய்விடும் என்று கண் முகாமில் பார்த்த டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். கண் போனாலும் வண்டி கையை விட்டுப் போகும். சொன்னாலும் வண்டி போகும். சொல்லாமல் உள்ளே போய், ஒன்றும் ஆகாமல் வெளியே வந்தால் மட்டும்தான் இரண்டும் மிஞ்சும். ஒரு உபாயம் இருக்கிறது எனக்கு, நானே கண்டுபிடித்தது. ஒரு கண்ணை உள்ளங்கையால் சுத்தமாக மூடிக்கொண்டால் அது வருவதில்லை, மூடும்போதே மண்டைக்குள் ஏறிவருகிற அந்தக் கிறுகிறுப்பு கீழே இறங்குவது தெரியும். இமையை மூடினால் போதாது, வெயில் இமையைத் துளைத்துக்கொண்டு வரும், கைதான் வேண்டும். காலை முதல் ட்ரிப்பில் தேனி போகும்போது வெயில் என் பக்கம்தான் விழும். சின்னமனூர் தாண்டி ரோட்டை ஒட்டித் தென்னந்தோப்பு வருகிறது. மரம், வெயில், மரம், வெயில், மரம், வெயில். ஐம்பதில் போனால் படபடவென்று அந்த ட்யூப்லைட் மாதிரியே இருக்கும். அங்கே வலது கையை எடுத்து வலது கண்ணைப் பொத்திக்கொள்வேன். இடது கை ஸ்டீயரிங்கில். ஒற்றைக் கண், ஒற்றைக் கை, நாலு நிமிடம். கண்ணில் தூசி விழுந்த மாதிரித் தேய்ப்பேன், யாருக்கும் தெரியாது. பின்னால் கல்லூரிப் பிள்ளைகள், காய்கறிக் கூடைக்காரம்மாக்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சிகள், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறவர்கள். கண்ணாடியில் அவர்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன் அந்த நாலு நிமிடமும். யாருக்கும் தெரியாது. தெரியாது என்றுதானே.

பவுன்ராஜ் அங்கே வந்து நிற்பான். இதை ஏன் இதுவரை நினைக்கவில்லை. சின்னமனூரில் ஏறுகிறவர்களுக்கு வண்டி நகருமுன்பே அரக்கப்பரக்க டிக்கெட் போட்டுவிட்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, எஞ்சின் பெட்டி ஓரமாகக் கம்பியைப் பிடித்து நின்றுகொள்வான். முன்பெல்லாம் பின்படியில்தான் நிற்பான். ஏன்டா இங்க வந்து நிக்கிறே, சூடு அடிக்கலையா என்று ஒருநாள் கேட்டேன், பின்னாடி ஒரே மீன் நாத்தம்ணே என்றான். தினமுமா மீன்? நிற்கும்போது பேசமாட்டான். மற்ற நேரமெல்லாம் வாய் ஓயாதவன் அந்தத் தோப்பு முடியும்வரை வாயைத் திறக்கமாட்டான், தோப்பு முடிந்து வெயில் மொத்தமாக விழுந்ததும் ஏதாவது ஒரு நக்கல் அடித்துவிட்டுப் பின்னால் போவான். ஒரு கை கம்பியில். இன்னொரு கை? இன்னொரு கையில் டிக்கெட் மெஷின் இருக்க வேண்டும், இருக்காது, அது தோளில் தொங்கும். இன்னொரு கை சும்மா இருக்கும், என் ஸ்டீயரிங்குக்கு எட்டுகிற தூரத்தில், சும்மா. நாலு மாசம் இருக்குமா? அதற்கு மேலேயே இருக்கும். நான் ஒருத்தன் தூக்கிக்கொண்டு திரிகிறேன் என்று நினைத்ததை இவன் தினமும் காலையில் என் பக்கத்தில் நின்று பாதி தூக்கியிருக்கிறான். நான் விழுந்தால் பிடிக்க. ஐம்பது பேரோடு போகிற வண்டியை, எஞ்சின் பெட்டிக்கு மேலே எட்டி, ஒற்றைக் கையால் பிடிக்க. பயத்தில் நான் செய்ததைவிட அன்பில் இவன் செய்தது எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டியிருக்கிறோம், ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல், பின்னால் தூங்குகிறவர்களுக்கும் சொல்லாமல். இப்போது அவன் என் இடதுபக்கம் உட்கார்ந்து, மேலூர்க்காரரிடம் மதுரையில் எங்கே பரோட்டா நன்றாக இருக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். எனக்குக் கண்ணைத் திறந்து அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. திறந்தாலும் தெரியாது, பால்தான் தெரியும்.

சுருளிவேல் யாருங்க என்று குரல் வந்தது. பவுன்ராஜ் என் முழங்கையைப் பிடித்து எழுப்பி நடத்திக்கொண்டு போனான், கதவருகில் ஒரு பெண் குரல் அவனை வெளியே நிற்கச் சொன்னது. அண்ணனுக்குக் கண்ணு தெரியலைங்க, நான் கூட இருக்கேனே என்றான். நான் பாத்துக்கிறேன், நீங்க வெளியே இருங்க என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அறை குளிர்ந்தது. பேர் பெனிட்டா என்றார், படம் எடுக்கிறவர் தானேதான் என்றார், தோளைத் தொட்டு ஸ்டூலில் உட்காரவைத்தார். பேச்சில் நாகர்கோவில் பக்கத்துச் சாயல் இருந்தது. தாடைக் கிண்ணம் முகத்துக்கு முன்னால் மங்கலாக இருந்தது. காகிதம் புரளுகிற சத்தம். உடனே ஆரம்பிக்கவில்லை. வெளியே கூட்டத்துக்கு நடுவே கேட்டால் எல்லாருக்கும் எல்லாமே இல்லைதான், அதனால் உள்ளே வந்ததும் ஒரு தடவை தனியாகக் கேட்பது தன் வழக்கம் என்றார், பழகிப்போன தொனியில், அதட்டல் இல்லாமல். "சார், எப்பவாவது வலிப்பு வந்திருக்கா? நினைவு தப்பி விழுந்திருக்கீங்களா? பளிச்சுன்னு வெளிச்சம் பட்டா தலை கிறுகிறுன்னு வருமா?" அந்த மூன்றாவது கேள்வியை இந்த ஆஸ்பத்திரியில் என்னிடம் யாருமே கேட்கவில்லை. பாரத்திலும் அது இல்லை. நான் யோசித்துவைத்திருந்த பதிலெல்லாம் முதல் கேள்விக்கு உண்டானது. கதவுக்கு வெளியே அவன் நிற்கிறான், இப்போதும் ஏதாவது ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான் என்று தோன்றியது.

"வலிப்பு இருக்கும்மா" என்றேன். வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் ஏதாவது இடிந்து விழும் என்று காத்திருந்தேன். ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. பெனிட்டா ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினார், மெஷினின் இரைச்சல் அடங்கியது. கடைசியாக எப்போது வந்தது, எந்த மாத்திரை, இன்றைக்குப் போட்டீர்களா என்று கேட்டார். போடவில்லை, வெறும் வயிறு என்று போட்டிருந்தது என்றேன். அவர் ஒரு மூச்சு விட்டார். கோபமில்லை, தப்பித்தோம் என்கிற மூச்சு. ஒரு வாய் தண்ணீரில் அந்த மாத்திரையைப் போட்டிருக்கலாமே சார், சீட்டுல அதையும் எழுதச் சொல்லி நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் என்றார். இன்றைக்கு இந்த வெளிச்சம் கிடையாது, டாக்டரைக் கூப்பிடுகிறேன், வெளிச்சம் விட்டு விட்டு அடிக்காத ஸ்கேன் ஒன்று இருக்கிறது, அதில் முக்கால்வாசி தெரிந்துவிடும், மிச்சத்தை அவர் யோசிப்பார், கண்ணைப் பார்க்காமல் அனுப்ப மாட்டோம் என்றார். இவ்வளவுதானா. ஏழு மாசம் நான் மூடிவைத்தது இந்த அறையில் ஒரு பொத்தானை அணைத்ததோடு முடிந்துவிட்டது. முடிந்துவிடவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. பாரத்தில் வேலை என்ற இடத்தில் பவுன்ராஜ் விவசாயம் என்று எழுதியிருந்தான், கவனித்தேன், அப்போது அதையும் சொல்லவில்லை. "நான் பஸ் டிரைவர்ம்மா" என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, டாக்டர்கிட்ட இதையும் நீங்களே சொல்லிருங்க சார், நான் சொல்றதைவிட அது நல்லது என்றார். என் தோளில் வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

டாக்டர் வரும்வரை வெளியே நாற்காலியில் உட்காரவைத்தார்கள், மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தார்கள். பவுன்ராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அதுக்குள்ள முடிஞ்சிருச்சா என்றான், வலிப்பைச் சொல்லிட்டேன்டா என்றேன். "எப்பருந்துடா தெரியும்" என்று கேட்டேன். "பொங்கலன்னைக்கே தெரியும்ணே. வாய்ல வாசம் இல்லாத குடிகாரனை நான் பாத்ததே இல்லை." ஏன்டா கேட்கவில்லை என்றேன். கேட்டால் நீங்கள் இறங்கிப் போக வேண்டி வருமே, புது டிரைவர் எவனாவது வந்து என் உயிரை எடுப்பான் என்றான், சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. பிறகு, விழுந்தா புடிச்சிரலாம்னு நெனச்சேன் என்றான் மெதுவாக. "அம்பது பேரை ஒத்தைக் கையிலயாடா" என்றேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, அவன் பக்கம் திரும்பாமல் இருந்தேன், திரும்பினாலும் தெரியாதுதான், ஆனாலும் திரும்பவில்லை.

செல்போனை எடுத்தேன். எழுத்தெல்லாம் கரைந்து ஒரே வெள்ளையாக இருந்தது. டெப்போவுக்குப் போடு என்று அவனிடம் கொடுத்தேன். போட்டுக்கொண்டே, என்னன்னு சொல்லட்டும், கண்ணுல லேசர் வெச்சிருக்கு, பத்து நாள் ஆகும்னு சொல்லட்டா, அதுக்குள்ள ஏதாவது யோசிக்கலாம்ணே என்றான். கண் போனவனுக்கு ஆபீசிலோ டீசல் போடுகிற இடத்திலோ ஒரு மூலை கொடுப்பார்கள், இதற்குக் கொடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. மாரீஸ்வரிக்கும் தெரியாது. மகள் காலேஜ் முடிக்க இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. "கொண்டா" என்று போனை வாங்கிக் காதில் வைத்தேன். மணி அடித்துக்கொண்டிருந்தது. டியூட்டி போடுகிற தவமணி எடுத்தார், பின்னால் ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், யாரோ கத்தினார்கள். சுருளிவேல் பேசுகிறேன் என்றேன். நாளைக்கு முதல் ட்ரிப் உங்க பேருலதான் இருக்கு, வந்துருவீங்கல்ல என்றார். வரமாட்டேன் என்றேன். நாளைக்கு மட்டுமா என்று கேட்டார். பவுன்ராஜ் என் மணிக்கட்டைப் பிடித்தான், இறுக்கமாக, விடச் சொல்லுகிறானா பிடித்திருக்கிறானா என்று தெரியவில்லை. இல்லைண்ணே, இனிமேல் எந்த ட்ரிப்பும் என் பேரில் போடாதீர்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன்.